ராஜா கொடுத்த வாக்கு

"அவனெல்லாம் ஒரு ராஜாவா? அவன் வாயில கொள்ளிய வைக்க!"

சின்னையன் வலை ஊசியைத் தரையில் எறிந்தார். காற்று ஜாஸ்தி என்று அன்று தாழங்குடாவில் யாரும் போட்டைக் கடலில் இறக்கவில்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எதிரே மகள் சுவேதா, தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துத் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னையனின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் மகள் நூலகத்திலிருந்து கொண்டுவரும் மாயக் கதைகள் என்றால் அவருக்கு உயிர். போன மாதம் காது கேளாத ஒரு பெண் ஓநாய்மேல் ஏறிப் போருக்குப் போன கதை. "இவ நம்ம போட்டுக்கு வந்தா முழுப் பங்கு குடுப்பேன்" என்றார். அதற்கு முன்பு ஓர் ஆப்பிரிக்கச் சிறுமி டிராகன் வளர்த்த கதை. டிராகன் செத்த அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

வீட்டில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. வருகிற ஞாயிறு, கிள்ளையிலிருந்து அவர் தங்கை ஞானாம்பாள் தன் மகன் கதிரவனுக்காகச் சுவேதாவுக்குப் பூ வைக்க வருகிறாள். சுவேதா பிறந்த அன்றே அண்ணன் கொடுத்த வாக்கு அது. இதற்கிடையே சுவேதாவுக்குச் சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். கேட்டதற்கு, "வாக்குன்னா வாக்குதான்" என்று சிரித்தபடி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் சின்னையன்.

"கோவப்படாதப்பா, முழுசா கேளு" என்றாள் சுவேதா. "ராஜாவோட தங்கச்சி இருக்கிற தீவுல பாட்டு பாட ஆளே இல்ல. பாட்டு இல்லன்னா அந்தப் பக்கம் மீனு வராது. அதனால, 'எம்பொண்ணோட குரல உனக்குத் தரேன்'னு ராஜா வாக்குக் குடுத்துட்டாரு. இப்ப தங்கச்சி வந்து கேக்குது."

"பொண்ணக் கேட்டானா?"

"பொறந்த கொழந்தைய எப்படிப்பா கேக்குறது?"

"வளந்தப்பறமாவது கேட்டானா?"

"இல்ல."

"வாக்குக் குடுத்தவன் அவன் தொண்டைய அறுத்துக் குடுக்கட்டும்! பொண்ணு தொண்டைய எடுத்துக் குடுக்க இவன் யாரு? அந்த ஊர்ல நாட்டாமை கீட்டாமை யாரும் கெடையாதா?"

"மந்திரிங்க இருக்காங்க. வாக்கு மாறினா ராஜாவுக்கு மானம் போயிடும்னு சொல்றாங்க."

"பெரிய மானம்! ஊமையாக்குன பொண்ணு தெனம் எதிர்ல வந்து நிப்பாளே, அப்ப எங்க இருக்கும் இவன் மானம்? அந்தத் தங்கச்சிக்காரிக்கும் வெக்கம் இல்ல பாரு. நான் அந்த ராஜாவா இருந்தா, 'தெரியாம சொல்லிட்டேன், தாயி, போயிட்டு வா'ன்னு அனுப்பியிருப்பேன்."

உள்ளே சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த மங்கம்மா செதில் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள்.

"அனுப்பியிருப்பீங்களா?"

"அனுப்பியிருப்பேன்."

"சரி, எப்ப அனுப்புவீங்க?"

"இன்னாடி எப்ப?"

"ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி வருதே. வாசல்லயே அனுப்புவீங்களா, இல்ல காப்பி குடுத்து அனுப்புவீங்களான்னு கேட்டேன்."

சின்னையனின் முகம் சிவந்தது. "அதுவும் இதுவும் ஒண்ணாடி?"

"ஒண்ணுன்னு நான் சொல்லல. ஊசியத் தூக்கி எறிஞ்சது நீங்க."

அவர் மகளைப் பார்த்தார். சுவேதா புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கதிரவன்கிட்ட உனக்கு இன்னா கொறை?"

"மச்சான்கிட்ட ஒரு கொறையும் இல்லப்பா. நான் படிக்கணும், அவ்வளவுதான்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனே. அந்த ராஜா பொண்ணுக்காக இவ்வளவு கோவம் வருது உனக்கு. நான் சொன்னப்ப நீ சிரிச்ச."

சின்னையன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார். "இந்தக் கதைய எழுதினவன் மட்டும் எங்கையில கெடைச்சான்…" என்று பல்லைக் கடித்தவர், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஞானம், நான்தான். ஞாயித்துக்கெழம வராதம்மா. பொண்ணு படிக்கப் போவுது. திட்டணும்னா என்னைத் திட்டு, அதுமேல ஒரு சொல்லு விழக் கூடாது."

மங்கம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேண்ணே" என்றது தங்கையின் குரல். "ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல. ஒரு பொண்ணுகிட்டேருந்து புடுங்கித் திங்குற ஜாதியா நாம? அது நல்லா படிக்கட்டும்." போன் வைக்கப்பட்டது.

"இவளுக்கு இன்னா ஆச்சு?" என்று சின்னையன் மனைவியைப் பார்த்து விழித்தார்.

சுவேதா புத்தகத்தை மூடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்ப் போனில் கதிரவனைக் கூப்பிட்டாள்.

"மச்சான், இங்க கதை முடிஞ்சிது."

"இங்கயும் எங்கம்மா அந்த ராஜாவோட தங்கச்சியக் காறித் துப்பி முடிச்சிட்டாங்க" என்றான் கதிரவன். "நான் என் ஆளுகிட்ட விஷயத்த சொல்லிடுறேன், பாவம் அவ காத்துக்கிட்டிருக்கா. நீ மாமாவுக்கு அந்தப் புத்தகத்துல நெசமாவே இருக்கிற கதைய மொதல்லேருந்து படிச்சுக் காட்டு."