மாடி அறைக்கு வந்தவள்

"ஏனுங்க அம்மிணி, யாரு எவருன்னு விசாரிச்சுத்தான் மாடியில ரூம் குடுக்கறீங்களா?"

கேட்டை முழுதாகத் திறக்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டே கேட்டார் எதிர்வீட்டு மயில்சாமி. ஜானகியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

சேவூரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு, திருப்பூரில் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கணவர் போன பிறகு, பனியன் கம்பெனிகளுக்கு வந்துபோகும் வெளியூர்க்காரர்களுக்கு மாடி அறைகள் இரண்டையும் நாள் வாடகைக்கு விட்டுத்தான் பிழைப்பு. போன வாரம் அடுத்த வீதியில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோருடைய கண்ணும் இவள் மாடிமேல்தான். மயில்சாமி வீதிச் சங்கத்தின் தலைவர். மனைவி இறந்த பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், போலீஸில் மனு விழுந்துவிடும்.

"உள்ள வாங்க. கம்பெனி லெட்டர் இல்லாம நான் யாருக்கும் ரூம் குடுக்கறதில்லீங்க."

வந்தார். உட்காரவில்லை.

"முன்னால ரூம்ல ஒரு பொண்ணு வந்து தங்குதே?"

"பெங்களூர் கம்பெனியில வேலைங்க. இங்க தைக்கிற துணியில குறை இருக்குதான்னு பாக்க வரும். மாசம் ஒருக்கா வந்து ரெண்டு நாள் இருக்கும். இதோட மூணு தடவை வந்துட்டுது."

"நாலு" என்றார் மயில்சாமி.

ஜானகியம்மாள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். நாலுதான். இவ்வளவு கண்காணிக்கிறாரா?

"ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு எங்க ஊட்டையே பாத்துட்டு நிக்குது."

"ஜன்னல் அந்தப் பக்கம்தானுங்களே இருக்குது. காத்துக்கு நின்னிருக்கும்."

"தனியாவா வருது?"

"ஆமாங்க."

"பக்கத்து ரூம்ல ஆம்பளைங்க தங்கறாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

"இதுவரைக்கும் அந்த மாதிரி யாரும் ஒரு குறை சொன்னதில்லீங்க. வேணும்னா நீங்களே பாருங்க."

அவசரமாகப் போய் அந்த நீள நோட்டை எடுத்து வந்தாள். தங்கிப் போகிறவர்கள் நல்லது கெட்டதை எழுதி வைக்கும் நோட்டு. கம்பெனிக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளை அனுப்புவார்கள். கொசு என்று ஒருவர், இட்லி பஞ்சு என்று ஒருவர், வெந்நீர் வரவில்லை என்று இந்தியில் ஒருவர்.

மயில்சாமி கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். நேற்றுக் காலை கிளம்பும்போது அந்தப் பெண் எழுதிவிட்டுப் போனது. ஜானகியம்மாளே இன்னும் படிக்கவில்லை. எட்டிப் பார்த்தாள்.

'அறை சுத்தம். சாப்பாடு அருமை. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. போன மாதமும் எழுதியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால், விடிகாலையில் எதிர்வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது தெரியும். அதற்காகவே மறுபடியும் வருவேன் - பூங்கோதை ராஜபாண்டி.'

ஜானகியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. வேவு பார்க்கிறாள் என்பதற்கு நாமே சாட்சியை எடுத்துக் கொடுத்துவிட்டோமே!

மயில்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் படித்தார். நிமிர்ந்தபோது குரல் உயர்ந்தது.

"போன மாசமே தாழ்ப்பாள் சரியில்லீன்னு எழுதியிருக்குது. இன்னும் ஏனுங்க சரி பண்ணலை?"

"ஆசாரி இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு..."

"ஒரு பொண்ணு தாழ்ப்பாள் இல்லாத ரூம்ல படுத்திருக்குது, நீங்க ஆசாரியைச் சொல்றீங்க! புருஷங்காரன் பேரைப் போட்டிருக்குதே, அவன் கூட வரமாட்டானா?"

"அவருக்கும் அங்கதான் வேலைங்களாம். போன் பண்ணிட்டேதான் இருப்பாரு. மாசமா இருக்கற பொண்ணாச்சுங்களே, அவருக்கும் பயம் இருக்குமல்லங்க."

மயில்சாமியின் கை நாற்காலியைத் தேடியது. மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தனை மாசமாம்?"

"அஞ்சுங்க. இன்னும் ஒரு தடவைதான் வருமாம். அப்புறம் லீவு போட்டுருமாம்."

"அந்தப் படியிலதான் ஏறி இறங்குதா?"

"ஆமாங்க."

அவர் வெகுநேரம் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுவுக்கு என்னென்ன எழுதலாம் என்று கணக்குப் போடுகிறார்போல. அந்தப் பெண் வரும் நாளில் மட்டும்தான் இந்த வீட்டில் ஜானகியம்மாளுக்குத் துணையென்று ஒரு பேச்சுக்குரல் இருந்தது. சமையற்கட்டில் வந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும். ஆனால் பிழைப்பையும் பார்க்க வேண்டுமே.

"வீதியில எல்லாருக்கும் சங்கடம்னா எனக்கு வேண்டாமுங்க. வர்ற இருபதாம் தேதி வர்றேன்னு சொல்லியிருக்குது. ரூம் இல்லீன்னு போன் பண்ணிச் சொல்லீர்றேன்."

"ஐயோ, சொல்லீராதீங்க அம்மிணி!"

மயில்சாமி பதறி எழுந்தார். அதட்டிய குரல் எங்கோ போய்விட்டது.

"மாடி வேண்டாம், கீழயே ஒரு ரூம் ஒழிச்சுக் குடுங்க. பெத்த அப்பன் ஊட்டு வாசப்படி மிதிக்காதேன்னு நாந்தான் சொல்லிப்போட்டனுங்க... உங்க ஊட்டுலயாச்சும் என்ற புள்ள பயமில்லாம இருக்கட்டும்."