மூன்று சட்டங்கள்

"நெட்ல முகம் காட்டக்கூடாது. சொந்தப் பேர் போடக்கூடாது. யார் என்ன சொன்னாலும் மரியாதையாப் பேசணும்."

மகளுக்கு நான் போட்ட சட்டங்கள் இவை. அதனால் ஏதோ ஒரு புனைபெயரில்தான் தன் ஓவியங்களைப் போட்டுவந்தாள்.

ஒரு வாரமாக அவள் பென்சிலையே தொடவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒருத்தர் திட்டிட்டார்ப்பா. அவரும் சொந்தப் பேர் போடல."

டேப்லெட்டை நீட்டினாள். ஒரு குருவிப் படம். அதன் கீழே, 'இதுக்குப் பேர் குருவியா? வரைஞ்ச கையை உடைச்சு அடுப்புல வை.'

டேப்லெட்டைச் சட்டென்று அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்க சொன்ன மாதிரி மரியாதையாவே பதில் எழுதியிருக்கேன்ப்பா. 'மன்னிச்சிடுங்க சார். இனிமே வரைய மாட்டேன்.' சரியா இருக்கா?"

நான் தடுப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

அடுத்த நொடி, என் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.