குட்டி படுத்த துண்டு

நாய்க்குட்டி படுத்திருந்த துண்டை இருதயமேரியின் கையில் திணித்தாள் தம்பி மனைவி ரோசிலி. “உங்க செவலைக்கு முன்னால போடுங்க மதினி. உறுமுச்சுன்னா வேண்டாம். உறுமலைன்னா குட்டிய நாளைக்கே கொண்டாந்து விடுதேன்.” உறுமினால் தேவலை என்றிருந்தது இருதயமேரிக்கு. மாமியாரையும் கணவரையும் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பிய கை. இப்போது செவலையை ஒன்றுக்குப் போக வாசலுக்குத் தூக்கிப் போய் விடுவதும் அதே கைதான். “உறுமித் தொலையேன், கெழட்டுக் கழுதை” என்று கெஞ்சினாள். பதிமூன்று வயது நாய் துண்டை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு எழ முடியாமல் எழுந்து, அதைத் தன் சாக்குக்கு இழுத்துப் போய், வயிற்றோடு வைத்துச் சுருண்டுகொண்டு, இல்லாத குட்டியை நக்க ஆரம்பித்தது. சாயங்காலம் ரோசிலி போன் செய்தாள். “என்ன மதினி, உறுமுச்சா?” “உறுமுச்சு.” “சரி, விடுங்க. மேலத்தெருவுல ஒருத்தர் கேக்காரு, குடுத்துருதேன். அந்தத் துண்ட மட்டும் குடுத்துவிடுங்க. அது இல்லாம குட்டி ஒறங்க மாட்டேங்குது.” இருதயமேரி சாக்கைப் பார்த்தாள். செவலை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது. “துவைச்சுப் போட்டுட்டேன்” என்றாள். “காய ரெண்டு நாளாவும். அதுவரைக்கும் குட்டிய யாருக்கும் குடுத்துராத.”