கழுத்தைத் தொட்ட பேனா

மவுஸ் பிடித்திருந்தவரை நம் ரெஜினாவுக்கு எல்லாமே வெறும் படம்தான். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் பேனா வாங்கி வைத்த பிறகு, என்னவோ, ஆளையே தொடுகிற மாதிரி ஆகிவிட்டது. மேசைமேல் கறுப்புப் பலகையில் பேனா ஊர, திரையில் அது படத்திலிருந்த பெண்ணின் கழுத்தை வருடிக்கொடுத்தது. செத்த பிறகு எடுத்த படம். மூடிக் கிடந்த கண்களை ரெஜினாதான் திறந்து வரைந்திருந்தாள். இப்போது அவை அவளையே பார்த்தன.

“தாலிக்கயிறு உரசுன தழும்பும்மா, சுத்தமா எடுத்துரு. நாளைக்குக் காரியம்” என்றார் செத்தவளின் புருஷன், ரெஜினாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி.

“எடுத்துரலாம்ணே. நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்.”

“இருக்கட்டும். பாத்துக்கிட்டே நிக்கிறேன்.”

மெல்ல அழுத்தினால் மெல்ல மறைந்தது. ஒரு கோடு போயிற்று, அடுத்ததும் போயிற்று.

“அந்தக் கட்டைவிரல் இன்னும் தெரியுதே” என்றார்.

பேனா நின்றது. விரல் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. பேனாவின் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அழித்தது திரும்பிவிடும்.

“ஏம்மா நிறுத்திட்ட?”

அவள் அழுத்தினாள். கழுத்தில் ஒரு கோடு திரும்பி வந்தது. அவள் நாற்காலியின் முதுகில் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன.