பச்சையில் நின்ற பஸ்

"உங்க மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்மா. கழட்டிக் குப்பையில போடுங்க."

கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் அந்த பஸ் டிரைவர். அவருடைய நிஜப் பெயர் டிப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஹாரன்' என்றால் ஊருக்கே தெரியும். கை ஹாரன் அடிக்காத நேரத்தில் வாய் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்ஜினியரம்மா நாற்காலியைத் திருப்பினாள். நகராட்சியின் புது சிக்னல்கள் அவள் பொறுப்பு. கேமராவில் சாலையைப் பார்த்து, எவ்வளவு நேரம் சிவப்பு, எவ்வளவு நேரம் பச்சை என்று தாமே முடிவெடுக்கிற சிக்னல்கள். ராப்பகலாக உழைத்து உருவாக்கியவள் அவள்தான்.

கமிஷனர் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "மார்க்கெட் முனை சிக்னலைப் பத்தி ஏகப்பட்ட புகார். சாயங்காலம் கவுன்சில் கூட்டத்துக்குள்ள எனக்குக் காரணம் தெரியணும். இல்லைன்னா ஊர் பூரா கழட்டிட்டுப் பழசையே மாட்டிடலாம்."

"உட்காருங்கண்ணே" என்றாள்.

"உட்கார வரல. தினம் காலையில என் பஸ் அந்த முனைக்கு வந்தா சிகப்பு. சரின்னு நிக்கிறேன். குறுக்கே ஒரு ஈ காக்கா கிடையாது. ஆனாலும் மாற மாட்டேங்குது. எந்த மகாராஜா ஊர்வலம் போறாருன்னு அது அப்படி நிக்குது?"

"மத்த நேரத்துல?"

"மத்த நேரம் ஒழுங்கா மாறுது. என்னைக் கண்டாத்தான் அதுக்கு இளக்காரம்."

அவளுக்கும் புரியாத இடம் அதுதான். கேமரா, வயர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கோளாறும் இல்லை. பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று.

"இதுக்கு யாரும் பாடம் நடத்தலண்ணே. மாட்டின புதுசுல பழைய விளக்குதான் எரிஞ்சுது. இது மேலேர்ந்து சும்மா வேடிக்கை பார்த்துட்டிருந்துச்சு. ஜனங்க எப்படி ஓட்டறாங்களோ, அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டது. அந்தப் பழைய பதிவைப் போட்டுப் பார்த்துடலாம்."

டிரைவரின் சுருதி சட்டென்று இறங்கியது. "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? எனக்கு டூட்டி இருக்கு. நான் வரேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன அவசரம்? இருங்க."

திரையில் மார்க்கெட் முனை தெரிந்தது. காலை வெயில். பச்சை விழுந்தது. முன்னால் நின்ற பஸ் மட்டும் நகரவில்லை. சாலையை அடைத்தாற்போல் குறுக்கே நின்றது. பின்னால் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க, டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு 'பொறு' என்று காட்டியது.

மறுநாள் பதிவிலும் அதே பஸ், அதே கை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

இன்ஜினியரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பார்த்தீங்களா? எந்தப் புண்ணியவானோ பச்சையில நின்னு நின்னு என் சிக்னலைக் கெடுத்து வச்சிருக்கான். யாருன்னு தெரிஞ்சா..."

"நான்தான்."

ஹாரன் என்று பெயரெடுத்த மனுஷன் அதை வாய்க்குள்ளேயே சொன்னார். அப்புறம் திரையின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு காலில் இரும்புப் பட்டை. ஊன்றுகோலை முதலில் வைத்து, பிறகு அந்தக் காலை இழுத்து, நின்று, மறுபடி ஊன்றுகோலை வைத்து நடந்தாள்.

"மார்க்கெட்டுல தையல் கடை வச்சிருக்கற அக்கா. பழைய விளக்கு அவங்க பாதி ரோடு தாண்டறதுக்குள்ள மாறிடும். ஒரு தடவை லாரி இடிக்கப் பார்த்துச்சு. அதான் பஸ்ஸைக் குறுக்கே போட்டுடுவேன். பின்னால இருக்கறவன் கத்தினா நான் அவனை விடச் சத்தமா ஹாரன் அடிப்பேன்."

"இப்ப அவங்க வரதில்லையா?"

"இந்த மெஷின் ஓட ஆரம்பிச்ச அன்னிக்கே போர்டு வச்சீங்களே, பச்சையில நின்னா அபராதம்னு. அதைப் படிச்சுட்டு, என்னால உன் வேலைக்கு ஆபத்து வேண்டாம் தம்பின்னுட்டாங்க. அந்தக் காலை இழுத்துக்கிட்டு மேம்பாலத்துக்கு அடியில சுத்திப் போறாங்க." அவர் திரையைக் கையால் தட்டினார். "அவங்க வந்தப்ப நிக்காதேன்னுச்சு உங்க போர்டு. இப்ப யாருமே இல்லாதப்ப நில்லுங்குது உங்க மெஷின். வயிறு எரியாதாம்மா? அவங்க காலைப் பத்தி மெஷினுக்கு என்ன தெரியும்?"

இன்ஜினியரம்மா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். இன்று காலைப் பதிவை எடுத்துப் பழைய பதிவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டாள்.

ஒரு பக்கம் அந்த அக்கா நடந்தாள். இன்னொரு பக்கம் ஆளில்லாத சாலை, மேலே சிவப்பு. இந்தப் பக்கம் அவள் எதிர் நடைபாதையில் கால் வைத்தாள். அந்தப் பக்கம் அதே நேரத்தில் பச்சை விழுந்தது.

இன்ஜினியரம்மா பதிவை நிறுத்தினாள். இரக்கம் என்று ஒரு சொல்லை அவள் அதற்குள் எழுதி வைக்கவில்லை. ஒரு முன்கோபக்காரரின் பஸ்ஸைப் பார்த்தே அது கற்றுக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா, சரி பண்ணிடுவீங்களா?" என்றார் டிரைவர்.

"அது சரியாத்தான் இருக்குண்ணே. கமிஷனர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அந்த அக்காவை நாளையிலேர்ந்து நேர் வழியாவே வரச் சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க இனிமே வரமாட்டாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லல. தினமும் அவங்களுக்காகத்தான் நின்னுட்டிருக்கு."