நெருக்கி உட்கார்ந்தார்கள்

போரின் இரண்டாம் வருடம் பெல்கிரேடில் கும்பல் முதலாளிக்காகப் பெட்ரோல் திருடப் போன பதினாறு வயது ஓக்னியனைச் சுட்டுவிட்டார்கள். அவனைப் புதைத்துவிட்டு அம்மா ராட்மிலா வீடு திரும்பியபோது, அவன் சமையலறையில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் ரொட்டி நறுக்கி வைத்தாள்.

"இன்னிக்காவது போகாதடா."

"முதலாளி விடமாட்டாரும்மா. ரெல்யா வந்துடுவான்."

ரெல்யா அவனுடைய கூட்டாளி. சற்றுமுன் சவப்பெட்டியைச் சுமந்தவன். உள்ளே வந்து ஓக்னியனைப் பார்த்தும் அவன் திகைக்கவில்லை.

"கிளம்புடா சோம்பேறி. போன மாசம் செத்த மிலுட்டினே வந்து கீழ கார்ல உட்கார்ந்திருக்கான்."

ராட்மிலா ரெல்யாவின் கையைப் பிடித்தாள். சூடாக இருந்தது.

"நீயாவது ஓடிப் போயிடுடா."

"எங்க போறது அத்தை?" என்று சிரித்தான்.

இருவரும் இறங்கிப் போனதும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கீழே நின்ற காரில், முன்பே புதைத்த பையன்கள் நெருக்கி உட்கார்ந்து ரெல்யாவுக்கு இடம் விட்டார்கள்.