ஒரு சாக்கெட் குறைகிறது

"ரைமர், என் பெட்டியில ஒரு சாக்கெட் குறையுது."

இம்கே இதைச் சொன்னபோது வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. விமானத் தொழிற்சாலையின் காலை ஷிஃப்டில் பாதிப் பேர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்ப நின்றார்கள். மறுநாள் பதினொரு மணிக்கு விமானத்தை வாங்கிக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் ரைமருக்குத் தலை சுற்றியது.

ஏற்கெனவே பதினான்கு மாதம் தாமதமான விமானம் அது. வயர் ஒரு சாண் குறைகிறது என்று ஆறு மாதம். கதவு சரியாக மூடவில்லை என்று நாலு மாதம். கழிப்பறை வந்து சேரவில்லை என்று மிச்சம். வந்த கழிப்பறை உள்ளே நுழையவில்லை என்பது தனிக் கதை.

"நல்லாத் தேடினியா?"

"மூணு தடவை தேடிட்டேன்."

"எங்க வேலை பாத்தே?"

"இருபத்தெட்டாம் நாற்காலி வரிசைத் தரைக்குக் கீழ. காலையில ஒரு கிளிப் மாத்தினேன்."

ஸ்பேனர் முனையில் மாட்டுகிற சாக்கெட், சுண்டுவிரல் நுனியளவுதான். ஆனால் அது உருண்டுபோய் எந்த வயரை உரசும், எங்கே சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஷிஃப்ட் முடியும்போது கருவிப் பெட்டியில் ஒரு கருவிக்கான குழி காலியாக இருந்தால் விமானம் நகரக் கூடாது. நாற்காலிகளைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, தரையைப் பெயர்த்துத் தேட வேண்டும்.

தொலைத்தவர் தானாக வந்து சொன்னால் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. மறைத்துப் பிடிபட்டால் அன்றைக்கே வேலை காலி. சுவரிலேயே பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறது.

ரைமர் சுவரைப் பார்க்கவில்லை.

"பதினாலு மாசமா இதை இழுத்துக்கிட்டுக் கெடக்கோம். கடைசி நாள்ல உன் புண்ணியத்துல இது வேறயா? கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வேலை பாக்கறே?"

இம்கே பெட்டியை மூடிவிட்டு டார்ச்சை எடுத்தாள்.

தரையைப் பெயர்த்துத் தேடுவதற்காக, பெந்தெகொஸ்தே திருநாள் விடுமுறை மூன்று நாளும் எல்லோருக்கும் ரத்து. அதே ஷிஃப்டில் வேலை பார்க்கிற, பால்டிக் கடற்கரையில் கூடாரத்துக்கு இடம் பிடித்து வைத்திருந்த ஹென்னிங்தான் அதிகமாகக் குதித்தான்.

"அவ வீட்டு வாஷிங் மெஷின்ல கெடக்கும், ரைமர். பேசாம கையெழுத்தைப் போட்டு விமானத்தை அனுப்பி விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரைமரும் சிரித்தார்.

அன்றிலிருந்து இம்கேவுக்கு 'ஓட்டைப் பாக்கெட்' என்று பெயர். கேன்டீனில் அவள் மேஜையில் யாரும் உட்காரவில்லை. மீன் வைத்த ரொட்டியைத் தனியாகத் தின்றுவிட்டு, தனியாகவே வேலைக்குத் திரும்பினாள்.

"எங்கம்மா கேக்கறாங்க, விடுமுறைக்கு ஏன் போகலேன்னு. ஓட்டைப் பாக்கெட்டோட நம்பரைக் குடுத்துடவா?" என்றான் ஹென்னிங். அதற்கும் சிரிப்பு.

திங்கட்கிழமை மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இருபத்தெட்டாம் வரிசைக்குக் கீழே ரைமர் குப்புறப் படுத்துத் துழாவியபோது, விரலில் ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.

சாக்கெட்டேதான்.

நாலு நாள் கோபமும் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு கருவியிலும் அதற்குரியவரின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். இம்கேவின் எண் முப்பத்தொன்று.

இதில் இருந்தது நாற்பத்தேழு. ஹென்னிங்கின் எண்.

ரைமர் நேராகப் போய் ஹென்னிங்கின் பெட்டியைத் திறந்தார். ஒரு குழிகூடக் காலியாக இல்லை. ஆனால் ஒரு சாக்கெட் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதில் எண்ணே இல்லை. கடையில் வாங்கி வந்து ஓசைப்படாமல் வைத்திருக்கிறான்.

விமானம் வெள்ளிக்கிழமை போயிருந்தால்?

இம்கேவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"கெடைச்சது ஹென்னிங்கோடது. உன்னோடது இல்ல."

இம்கே தலையாட்டினாள். அவள் முகத்தில் பெரிய ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை.

"உன்னைத் தாறுமாறாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ. ஆனா உன்னோடது இன்னும் உள்ளதான் கெடக்கு. மறுபடியும் கழட்ட வேண்டியதுதான். இன்னும் மூணு நாள் ஆகும்."

"வேண்டாம் ரைமர்."

"வேண்டாம்னா? சாக்கெட்டை உள்ள விட்டுட்டு மூட முடியுமா?"

இம்கே சட்டைப் பைக்குள் கையை விட்டாள். முப்பத்தொன்று என்று பொறித்த சாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ரைமர் அதை எடுத்து எண்ணைப் பார்த்தார்.

"எங்கேருந்து கெடைச்சுது?"

"தொலையவே இல்லையே."

"அப்புறம் எதுக்கு..."

"வியாழக்கிழமை காலையில அவன் பெட்டியில அந்தப் புதுசைப் பாத்துட்டேன். போன மாசம் பூரா இருபத்தெட்டுக்குக் கீழதான் அவனுக்கு வேலை. 'போய்ச் சொல்லிடுடா'ன்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னுட்டான்."

"உன் சிநேகிதனா அவன்?"

"அவன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆகாது."

"பின்ன ஏன் அவன் பேரைச் சொல்லல?"

"சொன்னா அவனுக்கு வேலை போயிடும். வாயை மூடிக்கிட்டு இருந்தா, அந்த சாக்கெட்டோட நானூறு பேரு பறப்பாங்க. என்னோடது தொலைஞ்சுதுன்னு சொன்னா தரையைப் பெயர்த்துத் தேடுவீங்க; அவனோடதை நானே முதல்ல எடுத்துட்டு இதைக் காட்டிடலாம்னு நெனச்சேன். எனக்குத் திட்டு மட்டும்தானே?" என்றாள் இம்கே. "அதுலயும் பாதி நீங்க திட்டினது."